சுழல்வட்டுத் தொலைபேசியும் சுவடிப் பழக்கமும்

ஏட்டுச்சுவடிகளோடு நெடுநாட் பழகிய ஒருவன், பணியினின்று ஓய்வுபெற்றபின் பழைய தொலைபேசிக் கருவிகளைத் தேடிச் சேர்த்துப் பழுதுபார்த்து வருகின்றான் என்பது இப்பத்திரிகையைப் படிக்கும் அன்பர் சிலர்க்கு வியப்பாயிருத்தல் கூடும். குலசேகரத்தில் எளியேன் வீட்டு முன்னறைக்கு வந்த நண்பர்கள் இதுபற்றி வினவியன பலவாதலின், அவற்றிற்கெல்லாம் ஒருங்கே விடையாக இதனை எழுதத் துணிந்தேன். "பண்டிதருக்கு இது தகுமா?" என்று வினவினாரும் உளர். தகுமா தகாதா என்பது முழுதும் படித்தபின் அவர்கட்கே புலனாகும்.

எங்கள் ஊரைச் சூழ்ந்த குன்றுகளெல்லாம் இரப்பர்த் தோட்டங்கள். தோட்டத்து மாளிகைகள் கைம்மாறுங்காலும், பழைய தறவாடுகள் பங்கு பிரியுங்காலும் வேண்டாதன என்று கழிக்கப்படும் பொருள்கள் பழைய இரும்புக் கடைக்கு வந்து சேரும். இப்பக்கத்தார் அதனை ஆக்கர் கடை என்பர். அத்தகைய கடையொன்றில், துருவேறிய தராசுத் தட்டுக்களின் அடியிலே, கன்னங்கரிய கருவியொன்று கவிழ்ந்து கிடக்கக் கண்டேன். அதன் அடித்தகட்டில் வகையெண்ணும் ஆண்டும் பொறித்திருந்தன. எழுத்தைக் கண்டால் நின்று படிப்பது திருமடத்திற் பயின்ற நாள்முதல் அடியேற்குள்ள வழக்கம். அன்று படிக்கத் தொடங்கியதை இன்னும் முடித்திலேன். இப்போது பதினெட்டுக் கருவிகள் உள.

யான் சேர்ப்பன எல்லாத் தொலைபேசிகளும் அல்ல. விரலை நுழைத்துச் சுழற்றும் வட்டு, அஃதாவது டயல், உடையனவும், பிரிட்டிஷ் அஞ்சல்துறையின் மாதிரியைத் தழுவியனவுமாகிய கருவிகளே. அந்நாட்டில் 1981 வரை தொலைபேசியும் அஞ்சல் நிர்வாகத்தின்கீழ் இருந்தது. அங்கே 1929இல் வெளிவந்தது 162 என்னும் வகை. அதற்கு மணி தனிப் பெட்டியில் இருக்கும். 1937இல் வந்தது 332 என்னும் வகை. இதன்கண் மணி உள்ளேயே அடங்கும். அடியில் எண்கள் எழுதிவைத்தற்கு இழுப்பறையொன்றும் உண்டு. பெரும்பாலும் கருநிறம், தந்தநிறம், செந்நிறம், பச்சை என்பனவும் செய்யப்பெற்றன. அவை அரியன ஆகலின் விலை மிக்கன. இந்த 332இன் வடிவத்தை 'ஆங்கிலேயர் கைவண்ணம்' என்று புகழ்வார் பலர். மெய்யாக அவ்வடிவத்தின் மூலம் 1930களின் தொடக்கத்தில் எரிக்ஸன் நிறுவனத்தின் பொருட்டு வரையப்பெற்றது. வரைந்தவர் நார்வே நாட்டு ஓவியராகிய ஜீன் ஹெய்பெர்க் என்பவர். உடற்பொருளாகிய பேக்கலைட்டோ, பெல்ஜியத்திற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பேக்லண்ட் என்பார் 1907இற் கண்டது. ஒரு நூலின் பிறப்பிடத்தை ஆராயப் புகுவார் பல தேயங்களைச் சுற்றிவர நேர்தல் போலவே இதுவும்.

இன்னொன்றும் கூறல்வேண்டும். 'இலண்டன் போன்' என்று நம்மவர் விலைபேசும் கருவிகள் பல இலண்டனைக் கண்டறியா. 1948இல் பெங்களூரில் இந்தியத் தொலைபேசித் தொழிலகம் தோன்றியது. லிவர்ப்பூலைச் சேர்ந்த நிறுவனமொன்றோடு உடன்படிக்கை செய்துகொண்டு அந்நாட்டு மாதிரிகளையே அங்குச் செய்தனர். ஆதலின் வடிவம் ஒன்றாகவே இருக்கும்; அடியிலுள்ள பொறிப்பைப் படித்தாலன்றி வேறுபாடு தெரியாது. பெங்களூர்க் கருவியைக் கண்டவுடன் முகஞ்சுளிக்கும் சேகரிப்பாளரை யான் அறிவேன். ஆசிரியர் ஏட்டைப் பார்த்து மாணாக்கர் எழுதிய ஏடு, பிழையின்றி இருப்பின், எவ்வாற்றாற் குறைந்ததாகும்? என்னிடத்துள்ள பதினெட்டில் பதினொன்று பெங்களூரின. ஒலி நயத்தில் அவற்றுள் இரண்டு ஏனைய எல்லாவற்றையும் வெல்லும்.

டயல் தொழிற்படும் வகை அறியத்தக்கது. ரிசீவரை எடுத்தவுடன் மின்சுற்று பொருந்துகின்றது. இணைப்பகத்து மின்கலத்திலிருந்து 50 வோல்ட்டு அளவில் ஓட்டம் வருகின்றது. எண்துளையில் விரலிட்டு வலமாகச் சுழற்றும்போது உள்ளிருக்கும் வில் முறுக்கேறுமேயன்றி வேறொன்றும் நிகழாது. விரலை எடுத்தபின் வட்டு தானே திரும்புகின்றதன்றோ? அப்போதுதான் சுற்று விட்டுவிட்டு அறுகின்றது. 1க்கு ஒருமுறை, 2க்கு இருமுறை, 0க்குப் பத்துமுறை. வினாடிக்குப் பத்துத் துடிப்பு என்பது விதி. ஒவ்வொரு துடிப்பிலும் மூன்றிலிரு கூறு அறுந்தும் ஒரு கூறு பொருந்தியும் நிற்றல் வேண்டும். வேகம் மிகாமலும் குறையாமலும் காப்பது கவர்னர் என்னும் சிற்றுறுப்பு. அது சுழலச் சுழல அதன் சிறு எடைகள் விரிந்து கிண்ணத்தின் உட்புறத்தை உரசி வேகத்தை அடக்கும். கண்ணிமையும் கைந்நொடியும் மாத்திரைக்கு அளவு என்று தொல்காப்பியர் முதலாயினார் வகுத்தனர். கண்ணிமைக்கும் ஒரு மாத்திரைக்குள் இங்கே ஏறக்குறைய மூன்று துடிப்புச் சென்றுவிடும். குறிலை நெடிலாக ஒலித்தால் சொல் வேறாவது போல, துடிப்பின் அளவு சிதையின் அழைப்பு வேறு வீட்டிற்குச் செல்லும். இலக்கணம் கற்றவனுக்கு இக்கருவி விரைவில் உறவாயிற்று என்றால் அதிற் புதுமையென்னை?

எண்களின் வரிசையும் எங்கும் ஒன்றன்று. ஸ்வீடன் நாட்டு டயலில் 0 முதலில் நிற்கும். நியூசீலாந்தினர் வரிசையையே தலைகீழாக்கினர். அங்கே 1ஐச் சுழற்றினால் ஒன்பது துடிப்புச் செல்லும். இலண்டனில் 1937 முதல் ஆபத்துக்கு அழைக்கும் எண் 999. நியூசீலாந்தில் 111. எண் வேறாயினும் கம்பியிற் செல்லும் துடிப்பு இரண்டிற்கும் ஒன்றே. வரிவடிவம் வேறுபட ஒலிவடிவம் ஒன்றாதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு யான் கண்டிலேன்.

இத்துடிப்பைக் கேட்டு உரிய கம்பியைத் தானே தேடியிணைக்கும் இணைப்பகத்தை வகுத்தவர் ஸ்ட்ரோஜர் என்னும் அமெரிக்கர். ஈமச்சடங்கிற்கு வேண்டுவன செய்து கொடுப்பது அவர் தொழில். அவர் காப்புரிமை பெற்றது 1891இல். விரலாற் சுழற்றும் டயலை அவருடைய கூட்டாளிகள் 1896இற் சேர்த்தனர். பிரிட்டனில் முதல் தானியங்கி இணைப்பகம் எப்ஸம் என்னுமூரில் 1912இலும், நம் நாட்டில் சிம்லாவில் 1913-14இலும் அமைந்தன. அவ்வகை இணைப்பகம் பிரிட்டனில் 1995இல் ஒழிந்தது. இங்கும் மின்னணு இணைப்பகங்கள் வந்து அதனை அகற்றிவிட்டன.

இனிப் பழுதுபார்க்கும் திறம். எங்கள் பக்கம் இரு பருவமழையும் பெய்யும் நிலம். பேச்சிப்பாறை மலைக்காற்று ஆண்டில் எட்டுத் திங்கள் ஈரம் சுமந்து வரும். இழைநூல் பின்னிய பழைய வடங்கள் பூஞ்சை பூத்து இற்றுவிடும். வெண்கலத்தாலும் செம்பாலுமாகிய தொடுவாய்களிற் பச்சைக் களிம்பு ஏறும். மெல்லிய தோற்பட்டை கொண்டு அதனைத் துடைத்தெடுத்தல் வேண்டும். உப்புத்தாளால் தேய்த்தால் மேற்பூச்சே போய்விடும். ஒன்று சொல்ல விரும்புகின்றேன். செம்பும் களிம்பும் பற்றி மேடையில் விரித்துரைக்கும் நம் அன்பர்கள், ஒருமுறையேனும் ஒரு டயலின் தொடுவாயைத் துடைத்துப் பார்த்தல் நன்று. ஆனியில் துடைத்தது ஐப்பசியில் மீண்டும் பூத்திருக்கும். களிம்பு வெளியிலிருந்து ஒட்டிய அழுக்கன்று, செம்போடு உடன் நிற்பது என்று ஆசிரியர்கள் கூறியதன் அழுத்தம் அப்போது கைவிரலுக்கே தெரியும்.

பேக்கலைட்டைத் துலக்குவதிற் பொறுமை வேண்டும். அது மரத்தூளும் பிசினும் கலந்து வெப்பத்திலும் அழுத்தத்திலும் வார்த்தது. மேலே மெல்லிய பிசின்தோல் ஒன்று பளபளவென்று நிற்கும். மினுக்கும் ஆசையால் அதனை மிகத் தேய்த்தால் உள்ளிருக்கும் மரத்தூள் வெளிப்பட்டு மேனி மங்கும். பின்னர் எத்தனை மெழுகிட்டாலும் அம்மங்கல் முற்றும் நீங்காது. நீரில் ஊறவிடுதலும் வெயிலிற் காயவிடுதலும் கூடா. ஈரத்துணியும், சிறிது மெருகுக்களிம்பும், ஒரு மாலைப்பொழுதும் போதும். கீறல் சில எஞ்சுமாயின் எஞ்சுக.

ஒலி பிறக்கும் உறுப்பு வேறொரு நுட்பம் உடையது. பேசும் வாயிலில் கரிக்குருணைகள் ஒரு சிமிழில் அடைபட்டிருக்கும். நம் மூச்சால் முன்தகடு அசையுந்தோறும் குருணைகள் நெருங்கியும் விலகியும் மின்னோட்டத்தை மிகுத்தும் குறைத்தும் அனுப்பும். உந்தியிலெழுந்த வளி மிடற்றிலும் தலையிலும் நெஞ்சிலும் நின்று, பல்லிதழ் நாவால் வேறுபட்டு எழுத்தாதலைப் பிறப்பியலிற் படித்தவர், அவ்வளி பின்னும் ஒருமுறை கரியிலே பிறத்தலை இங்குக் காணலாம். நெடுநாள் கிடந்த கருவியிற் குருணைகள் ஈரத்தால் இறுகிக் கட்டிப்படும், ஒலி செத்துப்போகும்.

இதற்கு மருந்து அறிந்தவர் எங்களூரில் ஒருவரே. தொலைபேசித் துறையில் லயன்மேனாக இருந்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி அவர். அகவை எண்பதைக் கடந்தது. முதற்கருவியை அவரிடம் கொண்டு சென்றபோது ரிசீவரைக் காதிற் சிறிது வைத்துப் பார்த்துவிட்டு, "சாரே, இதுக்க கரி ஒறங்கிப் போச்சு, தட்டி எழுப்பணும்" என்றார். சிமிழைக் கழற்றி உள்ளங்கையில் மெல்ல ஏழெட்டு முறை தட்டினார். பேசினேன், மறுமுனையில் என் குரல் கேட்டது. டயலின் வேகத்தையும் அவர் கருவி கொண்டு அளப்பதில்லை. 0ஐச் சுழற்றிவிட்டு, அது திரும்பும் கரகரப்பைக் கேட்டே, "விரையுது" அல்லது "மடிக்குது" என்பார். கவர்னரின் சிறகை ஊசிமுனையால் மயிரிழை வளைப்பார். பின்னர் யான் அளந்து பார்த்தால் வினாடிக்குப் பத்துக்கு மிக அணுகியே நிற்கும். இப்போது அவர் கண் மங்கிவிட்டது, செவி மங்கவில்லை. வியாழன்தோறும் சென்று அவர் கூறுவனவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகின்றேன். இத்தொழில்நூல்கள் சிலவற்றைப் படித்துள்ளேன். அண்ணாச்சி சொல்வனவற்றுட் பாதி அவற்றில் இல்லை. அவர் வீட்டார், "அப்பா பழங்கதை பேசுகிறார்" என்று நகைப்பர். ஏடு செல்லரித்தபின் அழுவதினும், உள்ளபோதே பெயர்த்தெழுதுவது எனக்குப் பழகிய வேலை.

இனி இக்கட்டுரை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகின்றேன். திருவட்டாற்றுப் பக்கத்துப் பழைய வீடொன்றிலிருந்து 332 வகைக் கருவியொன்று கிடைத்தது. உடலின் பொறிப்பு 1948. டயலின் பின்புறத்துப் பொறிப்பு 1957. இந்த ஒன்பதாண்டு இடையீட்டிற்குக் காரணம் என்னை என்று ஆராய்ந்தேன். அடியிலுள்ள இழுப்பறையை மெல்ல இழுத்தபோது ஓர் அட்டை இருந்தது. மேற்பகுதியில் மையால் மலையாள எழுத்திற் கச்சேரி, ஆசுபத்திரி, சம்பந்தி வீடு என்று எழுதி, எதிரே ஈரிலக்க எண்கள் காணப்பட்டன. கீழ்ப்பகுதியில் வேறொரு கை, தமிழெழுத்தில், அப்பெயர்களுட் சிலவற்றையே மீண்டும் எழுதி மூவிலக்க எண்களை இட்டிருந்தது. இம்மாவட்டம் திருவிதாங்கூரோடிருந்து 1956 நவம்பர் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததனை அன்பர்கள் அறிவர். அட்டையின் இரு கைகளும் அவ்வெல்லையின் இருபுறத்தும் நிற்கின்றன என்று கருதுகின்றேன். ஈரிலக்க எண் காலத்தில் இணைப்பகத்திருந்த ஆள் வாயாற்கேட்டுக் கையால் இணைத்திருத்தல் வேண்டும். அவ்விடத்துக் கருவிகட்கு டயல் வேண்டாமையின், அதனிடத்தை ஒரு வட்டத்தகட்டால் மூடிவிடுவது வழக்கம். தானியங்கி வந்தபோது தகட்டை எடுத்துவிட்டு எவரோ ஒரு லயன்மேன் டயலைப் பொருத்தியிருக்கின்றார்.

திருவனந்தபுரத்துச் சேகரிப்பாளர் ஒருவர் இதனைப் பார்த்தார். "டயலை எடுத்துவிடும், பழைய வட்டத்தகடு என்னிடம் உண்டு, தருகின்றேன். கருவி தன் மூலநிலையை அடையும், விலையும் இருமடங்காகும்" என்றார். யான் இசைந்திலேன். அவர் விட்டாரல்லர். "சுவடியில் இடைச்செருகல் கண்டால் நீக்கவேண்டும் என்று வாதிடும் கூட்டத்தார் நீங்கள். இங்கே இடைச்செருகலைக் கட்டிக்காப்பது என்ன முறை?" என்று வினவினார். நல்ல வினா, எளியேனை மூன்று நாள் உறங்கவிடவில்லை.

ஆராய்ந்து கண்டது இது. செய்யுளில் இடைச்செருகல் செய்தவன் தன் பெயரை மறைத்து மூல ஆசிரியன் வாயாற் பேசுகின்றான், அம்மறைப்பே குற்றம். உரையாசிரியரும் மூலத்தோடு தம் சொல்லைச் சேர்க்கின்றார். ஆயின் இது மூலம், இஃது உரை என்று வேறு தெரிய நிற்றலின் அவரை யாரும் பழித்திலர். திருவட்டாற்றுக் கருவியின் டயல் தன் பின்புறத்தே 1957 என்று தானே கூறுகின்றது. எதனையும் மறைத்ததில்லை, ஒரு வீட்டிற்கு வேண்டியதனைச் செய்தது. அதனை அகற்றி, வேறெங்கோ கிடந்த தகட்டை 1948ஆம் ஆண்டிற்குரியதுபோலப் பொருத்துவேனாயின், அன்றுதான் இக்கருவியில் முதல் இடைச்செருகல் நிகழும்; செய்தவனும் யானே ஆவேன். அப்போது அட்டையின் கீழ்ப்பாதியும் பொருளற்றுப் போகும். சாமிநாதையரவர்கள் தம் பதிப்புக்களிற் பாடவேறுபாடுகளைக் களைந்தெறியாது அடியிற் காட்டிச் சென்றமையால் அன்றோ பின்வந்தோர் ஆராய இடமாயிற்று? டயல் இருந்தபடியே இருக்கின்றது. அட்டையும் இழுப்பறையிலேயே இருக்கின்றது.

இதன்பின் பழுதுபார்ப்பில் ஒரு நெறி வகுத்துக்கொண்டேன். புத்துறுப்பு இன்றியமையாத இடங்கள் பல உண்டு. கண்டென்சர் என்னும் உறுப்பு மணிக்கு வரும் அலைமின்னோட்டத்தை விட்டு, நேர்மின்னோட்டத்தைத் தடுப்பது. முதுமையால் அது கசிந்தால், ரிசீவரை எடாத போதும் எடுத்ததாகவே இணைப்பகம் எண்ணும். அதனை மாற்றியே தீரவேண்டும். ஊகப்பாடத்தை அடைப்புக்குறிக்குள் இடுதல் போல, யான் வைக்கும் புத்துறுப்பு ஒவ்வொன்றிலும் ஒரு செந்நூல் கட்டி, மாற்றிய ஆண்டும் காரணமும் எழுதிய சிறு துண்டை உள்ளே வைத்துவிடுகின்றேன். எடுத்த பழைய உறுப்பு, கெட்டதாயினும், தனியே ஓர் உறையில் அதே எண்ணோடு கிடக்கும். நாளை இதனைத் திறப்பவர் என்னையும் அவ்வீட்டு லயன்மேனையும் வேறு பிரித்தறிதல் வேண்டும்.

இந்நெறிக்கு ஒரு சோதனையும் வந்தது. எங்கள் தெருவிற் செப்புக்கம்பி போய்க் கண்ணாடியிழை வந்தது. வீட்டில் வைத்த புதிய பெட்டி பொத்தான் அமுக்கும் தொனியை அறிந்தது. டயலின் துடிப்பை அறிந்திலது. மணி அடித்தது, பேச்சும் கேட்டது. இங்கிருந்து ஓர் எண்ணையும் அழைக்க இயலவில்லை. வந்து பொருத்திய இளைஞன், "ஐயா, இப்போது யாரும் இதைக் கேட்பதில்லை" என்றான். அவன் மேற் குறையில்லை. மின்னணுத்துறை பயின்ற என் தமக்கை மகன், "மாமா, உள்ளிருப்பதெல்லாம் எடுத்துவிட்டுக் கைத்தலமளவு பலகையொன்று வைத்தால் எல்லாம் ஓடும், வெளியே ஒன்றும் தெரியாது" என்றான். வெளியே தெரியாது என்பதே எனக்கு உவப்பாயில்லை. பலநாள் வழக்கிட்டோம். இறுதியில் அவனே ஒருவழி கண்டான். துடிப்பைத் தொனியாக மாற்றும் சிறு பெட்டி தனியே கிடைக்கின்றது. அதனைக் கருவிக்கும் சுவருக்கும் நடுவே, யாவரும் காண, மேசைமேல் வைத்தான். மூலத்தில் ஒரெழுத்தையும் தொடாமல் குறிப்புரை எழுதியதற்கு இஃது ஒப்பாகும் என்று அவனைப் பாராட்டினேன். அவன் நகைத்தான், எனினும் அன்றுமுதல் செந்நூல் கட்டும் வேலையை அவனே செய்கின்றான்.

பழமைபோலத் தோன்றப் புதிதாகச் செய்து விற்கும் பித்தளைத் தொலைபேசிகளைப் பற்றி வினவுவாரும் உளர். அழகுப்பொருள் வேண்டுவார் அவற்றை வாங்குக. பழமை என்று சொல்லி விற்றால் மட்டும் வாங்காதொழிக. அடியிற் பொறிப்பையும் டயலின் எடையையும் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கல்குளம், விளவங்கோடு பகுதி அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் இத்தகைய கருவி கிடப்பின், விற்பினும் விற்காதொழியினும், அடியிலுள்ள இழுப்பறையை ஒருமுறை திறந்து பாருங்கள். மகாசிவராத்திரிக்கு முன்னாள் திருமலையிலிருந்து ஓடத் தொடங்கும் சிவாலய ஓட்டத்தார் திற்பரப்பையும் திருநந்திக்கரையையும் கடந்து எங்களூர்ப் பக்கம் வருவர். சென்ற ஆண்டு அவர்களுள் ஒருவர் நீர்மோர் அருந்த எங்கள் திண்ணையில் அமர்ந்தபோது, தம் பாட்டன் வீட்டிலும் இத்தகைய கருவி இருந்ததென்றும், விற்கும்போது 'அழுக்குத்தாள்' என்று அட்டையை எடுத்தெறிந்துவிட்டனர் என்றும் கூறினார். கருவியை ஆக்கர் கடையில் மீண்டும் காணலாம், அட்டையைக் காணவியலாது. ஆகலின், கருவியைக் கொடுப்பீராயின் அட்டையை அதன்கண்ணேயே வைத்துக் கொடுங்கள். கொடுக்க மனமில்லையாயின், அட்டையிலுள்ள பெயர்களையும் எண்களையும் வரிமாறாது ஒரு தாளிற் பெயர்த்தெழுதி வையுங்கள். மலையாள எழுத்துப் படிக்கவியலாதவர் எழுத்தின் வடிவத்தை அப்படியே வரைந்துகொண்டாலும் போதும்.